ராணி எறும்பைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்



நீளமான பதிவு. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள். அதன்பிறகு ஏசுவதாக இருந்தால் ஏசுங்கள்.

பின்னேர மழை தொடங்கிவிட்டது. இடி இடித்து ஊற்றி ஓய்ந்ததும் தொடர்மாடிப் படிக்கட்டு லைட்டைச் சுற்றி இறக்கை முளைத்ததெல்லாம் வந்து விழுகிறது. அதில் ஈசலும் இருக்கும், எறும்பும் இருக்கும். அடுத்த நாள் காலையில் இரண்டு மூன்று பிள்ளைகள் யோகட் கோப்பைக்குள் ஒரு பெரிய எறும்போடு வகுப்புக்கு வந்து, "டீச்சர், இது ராணியா?" என்று கேட்பார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு வருடத்தில் கிடைக்கும் மிக நல்ல காலை அதுதான். யாரும் கேட்கச் சொல்லாத கேள்வி. அதற்குப் புள்ளி இல்லை, பரீட்சையிலும் வராது.

பின்னேரம் உம்மாமாரிடமிருந்து மெசேஜ் வரும். "டீச்சர், புள்ளைக்குக் கொஞ்சம் சொல்லுங்க. ஊட்டுக்குள்ள எறும்பு வரக்கூடாதெண்டு நாங்க சோக் கீறுறோம், இவர் போத்தல்ல போட்டு வளக்கிறார்." இதற்கு எனக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்புத்தான் வரும். கோபம் வருவது வேறு ஒரு மெசேஜுக்கு. "டீச்சர், எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல. ராணியோட நல்ல செட் ஒண்டு எங்க வாங்கலாம்?"

முதல் ஆள் எறும்பை ஒரு நொடியில் கொல்வார். இரண்டாம் ஆள் காசு செலவழித்து, வீடியோ எடுத்து, ஒரு கிழமை எடுத்துக் கொல்வார். எனக்கு இரண்டு பேரோடும்தான் சண்டை, ஆனால் இரண்டாம் ஆளோடு கொஞ்சம் கூட.

நான் சொல்ல வருவது இதுதான். நம் தெருவில் தானாகக் கிடைத்த ராணியைப் பிள்ளை வளர்க்கட்டும், தடுக்காதீர்கள். அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய், கொஞ்சம் தண்ணீர், இரண்டு துண்டுப் பஞ்சு போதும். மிச்ச வேலை முழுவதும் கையை எடுத்து வைத்துக்கொள்வதுதான். ராணியைக் காசு கொடுத்து வாங்குவதை மட்டும் செய்யவே வேண்டாம்.

முதலில் அது என்ன என்று பாருங்கள். ஈசலும் எறும்பும் ஒன்று என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஈசல் கறையானின் இனம். அதன் நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு இல்லை, உணர்கொம்பு நேராக இருக்கும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கும், முன் இறக்கை பின் இறக்கையை விடப் பெரிது. இந்த மூன்றையும் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் தரம் 4 பிள்ளை வாழ்நாள் முழுக்க மறக்காது. சுற்றாடல் பாடப் புத்தகத்தில் வாசித்து மனப்பாடம் செய்தால் இரண்டு தவணைக்குள் மறந்துவிடும்.

"ராணி" என்ற பெயர்தான் நம்மைக் கெடுக்கிறது. ராணி என்றதும் அரண்மனை, பணியாள், விருந்து என்று மனம் போகிறது. மழைக்குப் பிறகு நம் வாசற்படியில் ஓடும் ராணிக்கு ஒரு பணியாளும் இல்லை. அது தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பறந்து, ஆண் எறும்போடு சேர்ந்து, கீழே இறங்கி, தன் இறக்கையைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு ஒதுங்க இடம் தேடுகிறது. அந்தப் பறப்பில் பெற்ற விந்தணுக்களை உடலுக்குள் சேமித்து வைத்து வருடக்கணக்கில் முட்டையிடும். ஆண் எறும்புகள் சில நாட்களில் செத்துவிடும்.

இனி வருவதுதான் நான் வகுப்பில் சொல்லும்போது பின்வாங்குப் பிள்ளைகளும் நிமிரும் இடம். கட்டெறும்பு வகைகளில் இந்த ராணி மண்ணுக்குள்ளோ உக்கிய மரத்துக்குள்ளோ சிறிய அறை ஒன்றைச் செய்து, வாசலையும் அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். வெளியே வராது, சாப்பிடாது. பறப்பதற்கு இருந்த தசைகள் இனித் தேவையில்லை அல்லவா, அந்தத் தசைகள் உடலுக்குள்ளேயே கரைந்து, சேர்த்து வைத்த கொழுப்போடு சேர்ந்து முதல் குடம்பிகளுக்கு உணவாகும். தன் உடம்பிலிருந்து ஊட்டி வளர்க்கிறது. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு என்று போய் முதல் வேலையாள் எறும்பு வெளிவர நம் சூட்டுக்கு ஒன்றரை மாதம் அளவில் ஆகலாம், கூடவும் எடுக்கலாம். முதலில் வருபவை மிகச் சிறியவையாக இருக்கும், ஏனென்றால் ஒரு தாய் பட்டினியில் ஊட்டி வளர்த்தவை அவை. அவை வாசலைத் திறந்து தீனி தேடப் போன பிறகுதான் ராணி மறுபடி சாப்பிடும்.

அப்படியானால் நாம் வைக்கும் சீனி, ரொட்டித் துண்டு, இறைச்சித் தூள், பிஸ்கட் எல்லாம் எதற்கு? ராணிக்கு இல்லை, பூஞ்சணத்துக்கு. மூன்றாம் நாள் குழாய் வெள்ளை பூத்திருக்கும்.

சரி, குழாய். ஆய்வுகூடத்தில் இருக்கும் சாதாரண சோதனைக் குழாய் போதும். கொதித்து ஆறிய தண்ணீரை மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். ஒரு பஞ்சுத் துண்டை உருட்டி, தண்ணீரைத் தொடும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். பஞ்சின் மேற்பக்கம் ஈரமாக வேண்டும், ஆனால் தண்ணீர் வழியக் கூடாது. பஞ்சு தளர்வாக இருந்தால் குழாய் வெள்ளத்தில் ராணி மூழ்கும், அதனால் இந்த இடத்தில் மட்டும் பெரியவர் ஒருவர் கை கொடுங்கள். பிறகு ராணியை உள்ளே விட்டு, வாயை இன்னொரு காய்ந்த பஞ்சால் அடையுங்கள். காற்று அதற்குள்ளால் போகும். குழாயைப் படுக்க வைத்து, உருளாமல் ஒரு துணித் துண்டு அணைத்து, சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். அலுமாரியின் கீழ்த் தட்டு நல்லது. ஃபிரிட்ஜுக்கு மேல் வைக்காதீர்கள், அது அதிர்ந்துகொண்டே இருக்கும். மரைன் டிரைவ் பக்கம் பார்த்த ஜன்னல் விளிம்பில் வைக்கவே வேண்டாம். பின்னேர வெயிலில் கண்ணாடிக் குழாய் அடுப்பாகிவிடும்.

நுளம்புச் சுருள் கொளுத்தும் அறையிலும் வைக்காதீர்கள். நுளம்பைக் கொல்லும் மருந்து நுளம்புக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை, எறும்பும் பூச்சிதான். டெங்குக் காலத்தில் நம் ஒழுங்கைகளுக்குப் புகை அடிக்க வரும் நாளில் பெட்டியை ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் இட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டு, புகை அடங்கியதும் வெளியே எடுங்கள்.

அதன்பிறகு? அதன்பிறகு ஒன்றும் இல்லை. கிழமைக்கு ஒருமுறை, ஒரு நிமிடம், மங்கலான வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மூடுங்கள். சிவப்பு நிறம் எறும்புக்குச் சரியாகத் தெரியாது. சிவப்புக் கண்ணாடித் தாளைக் குழாயில் சுற்றிவைத்தால் இன்னும் நல்லது. பார்த்ததைப் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும். இன்று முட்டை ஏழு. இன்று எண்ண முடியவில்லை, குவித்து வைத்திருக்கிறது. இன்று ஒன்று நீளமாகி வளைந்திருக்கிறது, குடம்பியாக இருக்கும். இப்படி இரண்டு மாதம் எழுதிய கொப்பி ஒன்று என் மேசையில் இருக்கிறது. எழுத்துப் பிழை நிறைய. கல்வியியற் கல்லூரியில் "அவதானித்தல் திறன்" என்று எங்களுக்குப் பக்கம் பக்கமாகப் படிப்பித்தார்கள். அது என்ன என்று நான் கண்ணால் பார்த்தது அந்தக் கொப்பியில்தான்.

இனிக் கண்காட்சி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட முடியாது.

நகரத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. தரம் 7 பிள்ளை ஒன்று தன் குழாயைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்திருந்தது. ராணி, அதைச் சுற்றி ஒரு குவியல் முட்டை, பக்கத்தில் கொப்பி. வந்த ஒவ்வொரு பெரியவரும் குழாயைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு தட்டுத் தட்டி, "அசையுதா?" என்று கேட்டார்கள். போன் டோர்ச்சை அடித்துப் படம் எடுத்தார்கள். பிள்ளை "ஆட்டாதீங்க" என்றது, "பெரியவங்களுக்கு அப்படிச் சொல்லக்கூடாது" என்று அதற்குப் பாடம் நடந்தது. பின்னேரம் முட்டைக் குவியல் பாதியாகிவிட்டது. பயந்த ராணி தன் முட்டையைத் தானே சாப்பிடும். இனி இந்த இடம் பாதுகாப்பில்லை என்றால் அந்தச் சத்தையாவது மீட்டுக்கொள்கிறது. பிள்ளை அழுதுகொண்டு எழுதிய வரி இன்னும் கொப்பியில் இருக்கிறது.

முதல் பரிசு எதற்குத் தெரியுமா? அக்ரிலிக் கூடு, எல்.ஈ.டி. லைட், உள்ளே நீல நிற ஜெல், பத்துப் பதினைந்து எறும்பு. "ராணி எங்கே?" என்று கேட்டேன். "அது உள்ளுக்குப் போயிருக்கு மிஸ்" என்றார் தகப்பன். பிள்ளை நிலத்தைப் பார்த்தது. ராணி இல்லாத எறும்புக் கூட்டம் கொஞ்சக் காலத்தில் தானாக முடிந்துபோகும், புதிய வேலையாள் பிறக்க வழியில்லை. பரிசு கொடுத்த நடுவர்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியர்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். உயிர் உள்ள ஒன்றைக் கண்காட்சிக்குக் கொண்டு வரச் சொல்லாதீர்கள். கொப்பியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். கொப்பிக்குப் புள்ளி போடுங்கள். தகப்பனுடைய பேர்ஸுக்குப் புள்ளி போடாதீர்கள்.

அந்த "நல்ல செட்" எங்கே இருந்து வருகிறது என்று கேட்டீர்களா? கூடு என்றால் யாரும் அக்ரிலிக்கில் செய்துவிடலாம். ராணியை யாரும் செய்ய முடியாது. எங்கோ ஒரு மண்ணில் இறங்கிய ராணியைப் பொறுக்கித்தான் விற்க வேண்டும். ஒன்றுக்கு நல்ல விலை என்றால் பொறுக்குகிறவர் ஒன்றோடு நிற்க மாட்டார்.

2025 ஏப்ரலில் கென்யாவில் நடந்தது இதுதான். நைவாஷா என்ற இடத்தில் ஒரு விடுதியில் பெல்ஜியம் நாட்டுப் பதின்ம வயது இளைஞர்கள் இருவர் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்டார்கள். யானையும் இல்லை, தந்தமும் இல்லை. தானியம் சேர்க்கும் பெரிய சிவப்பு எறும்பின் ராணிகள். எதில் அடைத்திருந்தார்கள் தெரியுமா? பஞ்சு வைத்த சிறு குழாய்களில். மேலே நான் எழுதிய அதே முறைதான், அதில் ராணி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். மே மாதம் நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் கென்ய ஷில்லிங் தண்டம், கட்டாவிட்டால் ஒரு வருடச் சிறை என்று தீர்த்தது. எதற்கு இவ்வளவு எறும்பு? ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எறும்பு வளர்ப்பவர்களுக்கு விற்க. அதாவது "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்கிற தகப்பன்மாருக்கு விற்க.

கென்யா தூரம் என்று நினைத்தால் யாலவைப் பாருங்கள். 2020 மே மாதம் யால தேசிய பூங்காவில் இத்தாலியத் தகப்பனும் மகனும் நூற்றுக்கணக்கான பூச்சிகள் அடைத்த போத்தல்களோடு பிடிபட்டார்கள், 92 இனங்கள். 2024 செப்டெம்பரில் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டம் 6 கோடி ரூபாய். நம் நாட்டில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருக்கிறது. பூங்காவுக்குள் போய் ஒரு பூச்சியை எடுத்தாலும் விளையாட்டில்லை. ஆகவே சிங்கராஜவுக்கோ யாலவுக்கோ சுற்றுலா போகும்போது "ராணி ஒண்டு பிடிச்சுத் தாங்க வாப்பா" என்று பிள்ளை கேட்டால், அங்கே வேண்டாம், நம் வாசற்படியில் கிடைப்பது போதும் என்று சொல்லுங்கள்.

அந்தக் காடுகளில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்கிறேன். அனியூரீட்டஸ் சிமோனி என்று ஓர் எறும்பு. 1893 இல் எமெரி என்ற இத்தாலிய விஞ்ஞானி பெயர் வைத்தார். உலகத்தில் இந்த எறும்பின் உபகுடும்பத்தில் உயிரோடு எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். மிச்சச் சொந்தங்களில் சில கற்காலத்துக்கும் முந்திய மரப்பிசினுக்குள், பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் அம்பரில், உறைந்து கிடக்கின்றன. அந்த ஒன்று வாழ்வது இலங்கையில், நம் ஈரவலயக் காட்டின் உக்கிய மரத்துண்டுகளில். அமெரிக்காவின் எட்வர்ட் வில்சன் 1955 இல் இரத்தினபுரிப் பக்கம், கிலிமலை வரை தேடி வந்தது இதற்காகத்தான். அப்போது அவர் உலகப் பெயர் எடுக்காத இளைஞர். இன்று அது அழியும் ஆபத்து மிகக் கூடிய உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஸ்ரீயானி டயஸ் போன்றவர்கள் பல வருடங்கள் உட்கார்ந்து இந்த நாட்டின் எறும்புகளை எண்ணி, 200 இனங்களுக்கு மேல் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எறும்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கும் நம் வீடுகளில் இந்த ஓர் எறும்பின் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்?

வெளிநாட்டு ராணி வாங்குவது இன்னும் மோசம். தப்பிப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கிறிஸ்மஸ் தீவைப் பாருங்கள், ஜாவாவுக்குத் தெற்கே இருக்கும் சின்னத் தீவு. வெளியிலிருந்து வந்து சேர்ந்த மஞ்சள் கிறுக்கு எறும்பு அங்கே பல்கி, அந்தத் தீவின் சிவப்பு நண்டுகளில் ஒரு கோடிக்கும் மேலானவற்றைக் கொன்றது. அந்த எறும்பை யாரும் வேண்டுமென்று கொண்டுபோகவில்லை. கப்பல் சரக்கோடு தானாகப் போனதற்கே இந்தக் கதி. நம் தோட்டங்களில் கடித்தால் தீயாய் எரியும் சின்னச் சிவப்பு நெருப்பெறும்பும் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து குடியேறியதுதான், நம்முடையதில்லை.

இனி வழக்கமான எதிர்ப்புகள். எல்லாவற்றுக்கும் பதில் எழுத நேரமில்லை, மூன்றுக்கு மட்டும்.

"வீடு முழுக்க எறும்பு பரவும்." பரவாது. குசினியில் சீனிப் போத்தலுக்கு வரிசையாக வரும் சின்ன எறும்பு வேறு இனம். அதன் கூட்டத்தில் பல ராணிகள் இருக்கும், பறக்காமலே பிரிந்து பிரிந்து குடிபோகும். அதற்கு ஸ்பிரே அடிக்கும்போது என்ன நடக்கிறது தெரியுமா? வெளிர்மஞ்சளாக இருக்கும் ஃபேரோ எறும்பில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்தடித்ததும் கூட்டம் உடைந்து, ஒரு கூடு இருந்த இடத்தில் பல கூடாகிவிடும். வீட்டில் எறும்பைப் பெருக்குவது பிள்ளையின் குழாயில்லை, உங்கள் ஸ்பிரே டின். தட்டைக் கழுவி வையுங்கள், சீனி மூடியை இறுக்குங்கள், அந்த எறும்பு வேறு வீடு பார்க்கும்.

"தண்ணீர் வைத்தால் டெங்கு வரும், பீ.எச்.ஐ. வந்தால் தண்டம்." இரண்டு பக்கமும் பஞ்சால் அடைத்த குழாய்க்குள் நுளம்பு போய் முட்டையிட வழியில்லை. அதே வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டையும் பூச்சாடியின் கீழ்த் தட்டையும் கடைசியாக எப்போது ஊற்றிக் கவிழ்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

"உயிரை அடைத்து வைப்பது பாவமில்லையா டீச்சர்?" இது நல்ல கேள்வி, பிள்ளைகளும் கேட்கிறார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அதோடு அபூ உமைர் என்ற சிறுவனின் குருவியைப் பற்றியதும் இருக்கிறது. குருவி இறந்தபோது அந்தச் சிறுவனிடம் நபியவர்கள் அன்போடு விசாரித்தார்கள், ஏன் வைத்திருந்தாய் என்று ஏசவில்லை. சிறிய உயிரைப் பராமரித்து வைத்திருக்கலாம் என்பதற்கு அறிஞர்கள் அதைக் காட்டுவார்கள். எறும்பு விஷயத்தில் இன்னொன்றும் பாருங்கள். இந்த ராணி தானாகவே வாசலை அடைத்துக்கொண்டு இருட்டில் உட்காரும் உயிர். குழாய் அதன் அறைக்குச் சமம். சிறை ஆவது நாம் ஆட்டும்போதும், தட்டும்போதும், டோர்ச் அடிக்கும்போதும்தான்.

எறும்பைக் கொல்வதைத் தடுத்த ஹதீஸ் அபூ தாவூதில் இருக்கிறது. தொல்லை தருவதை விலக்க அறிஞர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் இறக்கை உதிர்ந்து வாசலில் ஓடும் ஒற்றை எறும்பு யாருக்கு என்ன தொல்லை கொடுத்தது? சூரா நம்லில் வரும் எறும்பைப் பற்றி "விஞ்ஞான அற்புதம்" என்று நள்ளிரவில் நாற்பது குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, காலையில் அதே கையால் ஸ்பிரே டின்னை எடுக்கிறோம். அனுப்பின எறும்பு ஒன்று, வாசலில் ஓடும் எறும்பு வேறு என்று நினைக்கிறோம்போல.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். எல்லா ராணியும் பட்டினி கிடக்காது. தாடை பெரிதாக நீண்டு, ஒல்லியாக, வேகமாக ஓடும் சில வகைகளின் ராணி அந்தக் காலத்திலும் வெளியே போய் வேட்டையாடும், அவற்றைக் குழாயில் அடைத்தால் செத்துப்போகும். மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு ராணியும் வேண்டாம். அந்தக் கூட்டம் பெரிதானால் அதற்கு மரம்தான் வேண்டும், அலுமாரி போதாது. பெரிய உடம்பு, இறக்கை ஏற்கனவே உதிர்ந்தது, கறுப்பு அல்லது கபிலம், தானாகத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது, இப்படி ஒன்று என்றால் பிள்ளை முயற்சி செய்யலாம். ஒன்றே ஒன்று. பத்துப் பிடித்து அடைக்க வேண்டாம். சரியாக வைத்தாலும் சில செத்துப்போகும். வெளியே என்றால் இவற்றில் மிகப் பெரும்பாலானவை குருவிக்கும் பல்லிக்கும் வெள்ளத்துக்கும் முதல் கிழமையிலேயே போய்விடும். அதையும் பிள்ளை கொப்பியில் எழுதட்டும். "எறும்பு செத்ததற்கு அழுவதா" என்று கேலி செய்யாதீர்கள்.

முதல் வேலையாட்கள் வந்த பிறகு தீனி வைக்கலாம். ஊசிமுனை அளவு தேன் அல்லது சீனித் தண்ணீர், வாரத்தில் இரண்டு முறை நுளம்பு பெட்டில் அடிபட்ட ஒரு நுளம்பு. ஸ்பிரே பட்ட நுளம்பு கூடாது. மிச்சத்தை அடுத்த நாள் எடுத்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் "இனிப் பெரிய கூடு" என்று அவசரப்படுகிறார்கள். பத்து எறும்புக்குப் பெரிய கூடு ஒரு வெறும் மண்டபம். குப்பையை மூலையில் கொட்டி, பூஞ்சணம் பிடித்து, ராணி எந்த மூலையில் என்று தெரியாமல் போகும். குழாய் நிறையும்வரை குழாய் போதும். வீடு மாறுகிறீர்கள், பரீட்சை வருகிறது, இனி முடியாது என்றால் பிடித்த அதே பகுதியில் ஒரு மரத்தடி ஈர மண்ணில் குழாயைத் திறந்து வைத்துவிடுங்கள். வாங்கிய வெளிநாட்டு எறும்பை இப்படி விட முடியாது என்பதையும் கவனியுங்கள்.

எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஜோன் லப்பொக் 1874 இல் பிடித்து வைத்த ஒரு ராணி 1888 வரை இருந்தது. ஐரோப்பாவின் சாதாரணக் கறுப்புத் தோட்ட எறும்பு ஒன்றின் ராணி வளர்ப்பில் ஏறத்தாழ 29 வருடம் இருந்ததாகப் பதிவு உண்டு. நம் வீட்டில் அவ்வளவு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரம் 6 இல் பிடித்த ராணி, அந்தப் பிள்ளை ஓ.எல். எழுதும்போது அலுமாரியின் கீழ்த் தட்டில் இருக்கலாம்.

"ஸ்கொலர்ஷிப் வருஷத்தில இதெல்லாம் தேவையா?" என்று கேட்பவர்களுக்கு: கிழமைக்கு ஒரு நிமிடம். டியூஷன் வகுப்புக்கு வான் வரும்வரை பிள்ளை வாசலில் நிற்கும் நேரத்தில் பாதி.

குழாயும் பஞ்சும் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமை இடைவேளையில் வந்து எடுத்துக்கொள்ளலாம், ஆளுக்கு ஒன்று. பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வரலாம். ராணி கிடைத்த பிறகு வாருங்கள், முதலே வாங்கி வைக்க வேண்டாம். வரும்போது எங்கே கிடைத்தது, எத்தனை மணி, மழை பெய்ததா என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டு வர வேண்டும். எழுதாதவருக்குக் குழாய் இல்லை.